ஒருத்தியிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தது

எழுத உட்கார்ந்ததற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். இதுவரை நான் எழுதியதில் நீளமானது, தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சிக்கு எழுதிய ஒரு மனு. அதிலும் கையெழுத்தைப் பக்கத்து வீட்டுக்காரரைப் போடச் சொல்லிவிட்டேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவே கூசுகிறவள், முகம் தெரியாதவர்கள் படிக்க எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாயால் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பார்க்கும் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் கடைகளுக்குத் துணி தைத்து அனுப்புகிற கம்பெனிகள் மதுரையைச் சுற்றி இருக்கின்றன. உங்களிடம் வேலை செய்கிறவர்களை எப்படி நடத்துகிறீர்கள் என்று அந்தக் கடைக்காரர்கள் இப்போதெல்லாம் கேட்கிறார்கள். அதைப் பார்த்துச் சொல்லவும், சரியில்லாததைச் சரிசெய்யக் கம்பெனிக்கு வழி சொல்லித் தரவும் சென்னையில் ஒரு அலுவலகம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு மேடம் வருவார். அபராதம் போடும் வேலை இல்லை, வழக்குப் போடும் வேலையும் இல்லை. போய்ப் பார்ப்பது, சொல்வது, சில மாதம் கழித்துத் திரும்பப் போய் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது.

மேடம் நன்றாகப் பழகுகிறவர்தான். ஆனால் அவர் லேப்டாப்பைத் திறந்ததும் எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். "எல்லாம் நல்லா இருக்கு மேடம்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அதனால் அவர்களோடு உட்கார்ந்து பேச, அவர்கள் மாதிரியே ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் பல வருடம் தையல் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்து, முதுகு வலி தாங்காமல் வேலையை விட்டவள். தெரிந்தவர்கள் மூலமாக என்னைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க அதிகம் பேச மாட்டீங்கன்னு சொன்னாங்க. அதுக்காகத்தான் உங்களைக் கேட்டேன்" என்றார் மேடம்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் கூச்சத்தைச் சொல்லி வைதவர்கள் உண்டு. கல்யாண வீட்டில் நான் பந்திக்குப் போகாமல் தூணோரம் நிற்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அதற்காக ஒரு வேலை கொடுப்பார்கள் என்று நினைத்ததே இல்லை. மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். இந்தப் பெருமையை இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கிறது.

அலுவலகத்தில் இந்த வேலைக்கு மனித உரிமை என்று பெயர். அந்தப் பெரிய வார்த்தையை என் வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். யாராவது கேட்டால் "கம்பெனி வேலை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் காளவாசலில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அவர் விடுவாரா?

"வீட்டுலயும் ஒரு ரவுண்டு பார்த்து ரிப்போர்ட் போடேன். ஒரு மனுசன் காபி கேட்டு எம்புட்டு நேரம் ஆச்சு" என்பார்.

"அந்த மனுசன் தட்டைக் கழுவி வச்சாரான்னு அதுலயே எழுதிருவேன்" என்பேன். வீட்டுக்குள் எனக்கு வாய் உண்டு.

வேலைக்குச் சேர்ந்தபோது மேடம் சில விஷயங்களைச் சொல்லித் தந்தார். கம்பெனிக்காரர்கள் அனுப்பும் ஆட்களிடம் பேசக் கூடாது. நாமே லயன் லயனாக, அதாவது மெஷின் வரிசை வரிசையாக நடந்து, அங்கொருத்தி இங்கொருத்தியாகக் கூப்பிட வேண்டும். ஒவ்வொருத்தியையும் ஏறக்குறைய ஒரே நேரம் உட்கார வைக்க வேண்டும். ஒன்றும் சொல்ல இல்லாதவளிடம் பிள்ளை படிப்பு, திருவிழா என்று எதையாவது பேசியாவது நேரத்தை நிரப்ப வேண்டும். அப்போதுதான் யார் என்ன சொன்னாள் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. நான் எதையும் எழுதக் கூடாது. மனதில் வைத்து, பிறகு மேடத்திடம் மட்டும் சொல்ல வேண்டும்.

முக்கியமாக, "எந்த ஊரு?" என்று கேட்கக் கூடாது.

மற்ற எதையும்விட அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் பக்கம் பேச்சே அங்கேதான் ஆரம்பிக்கும். ஆனால் மேடம் சொன்னதன் நியாயம் எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். ஊரைக் கேட்டால் அடுத்தது எந்தத் தெரு என்று வரும். தெருவைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்காது. கேட்டவள் முகம் கொஞ்சம் மாறும், சொன்னவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பத்தில் பிறந்தவள். கேட்கிற பக்கமே இருந்து பழகியவள். அந்தப் பழக்கத்தை நாக்கைக் கடித்துக்கொண்டு விட்டேன்.

சொல்லித் தந்த எதிலும் கிளம்பும்போது எப்படிக் கிளம்ப வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

மேலூர் தாண்டி, வயலுக்கு நடுவே இருக்கிற ஒரு கம்பெனி அது. சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரனும் கைத்துண்டும் தைக்கிறார்கள். நாங்கள் போனபோது வாசலில் கோலம் போட்டு, தட்டில் சந்தனமும் கல்கண்டும் வைத்திருந்தார்கள். மேனேஜர் எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். அதில் முழுதாக உட்கார முடியாமல் நுனியில் உட்கார்ந்திருந்தேன். நான் மெஷினில் இருந்த காலத்தில் இப்படி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் ஃபேன் எல்லாம் ஓடும். இப்போது நானே அப்படி வந்து உட்கார்ந்திருந்தது எனக்கே சரியாகப் படவில்லை.

பேசுவதற்குக் குழந்தைகள் அறையைக் கொடுத்தார்கள். வேலைக்கு வரும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கான அறை. சுவரில் யானையும் வாத்தும் வரைந்திருந்தார்கள். பொம்மைகள் எல்லாம் வாங்கி வந்த பிளாஸ்டிக் உறையிலேயே இருந்தன. பிள்ளைகள் யாரும் இல்லை. சின்னச் சின்னச் சிவப்பு நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்துதான் நாங்கள் பேசினோம்.

முதலில் வந்தவர்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள். அண்ணன் நல்லவர், சாப்பாடு நல்லது, லீவு கேட்டால் உண்டு. அண்ணன் என்றால் அந்த லயனைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். நடுவில் வந்த ஒரு பருத்த அம்மாள் மட்டும் நாற்காலியைப் பார்த்து, "இதுல உக்காந்தா எந்திரிக்க ஆள் வைப்பீகளா?" என்று கேட்டுவிட்டுத் தரையில் சம்மணம் போட்டாள்.

"இன்னைக்கு டீயில பால் கெடந்துச்சுக்கா. நீங்க தெனமும் வாங்க" என்றாள்.

"மத்த நாளு?"

"மத்த நாளு டீக்கு எங்களைப் பிடிக்காது." சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டாள். அதற்கு மேல் பேரன் பேச்சு.

அவளுக்குப் பிறகு வந்தவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஒல்லியாக இருந்தாள். கையோடு தண்ணீர் பாட்டிலைக் கொண்டு வந்து காலடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு அப்படி இருப்பது கஷ்டம் இல்லை.

பிறகு அவளே, "ஒங்களுக்குத் தாகமா இல்லையாக்கா? காலையில இருந்து பேசிக்கிட்டே இருக்கீக" என்றாள்.

"இருக்கு. ஒன் பாட்டில் நெறஞ்சு கெடக்கே, நீ குடிக்கலயா?"

அவள் சிரித்தாள். "வீட்டுல பிடிச்சிட்டு வருவேன். சாயந்திரம் அப்படியே கொண்டு போயி முருங்கைக்கு ஊத்திருவேன்."

"ஏன்?"

"குடிச்சா போகணும்ல."

பிறகு சொன்னாள். ஒரு லயனுக்கு இரண்டு மரக்கட்டைகள். கயிறு கோத்து சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். பாத்ரூம் போகிறவள் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஆணி காலியாக இருந்தால் காத்திருக்க வேண்டும். அதிகம் எடுப்பவளை லயனே கேட்கும்படி கூப்பிட்டுச் சொல்வாராம்: "என்னத்தா, வீட்டுல தண்ணிப் பஞ்சமா? இங்க வந்து குடிச்சுத் தீக்குற?" நாங்கள் வருவதால் முந்தின நாள்தான் கட்டையைக் கழற்றி வைத்தார்களாம்.

"எல்லாரும் குடிக்கிறது இல்லக்கா. பழகிப் போச்சு. எனக்குத்தான் நீர்க்கடுப்பு வந்திருச்சு. நிறையத் தண்ணி குடின்னு டாக்டரம்மா வஞ்சாக. குடிச்சேன். ரெண்டு தடவ கட்டை எடுத்தேன். மறுநாளே, ஒனக்கு உக்காந்து பாக்குற வேலை ஆகாது, பேக்கிங்குக்குப் போயிருன்னு சொல்லிட்டாக. காலுல விழாத குறையாக் கேட்டு இருந்துக்கிட்டேன்."

"பேக்கிங்னா என்ன?"

பாவாடையை லேசாகத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாள். நரம்புகள் முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருந்தன. "அங்க பூராவும் நின்னுதான் பாக்கணும். என்னால அரை நாள் நிக்க முடியாது. போகச் சொன்னா வேலையை விட்டுற வேண்டியதுதான். எங்க ஊரு வழியா வேன் வாரது இந்தக் கம்பெனிக்கு மட்டும்தான்." நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். "எம்பேரு வெளிய வராதுல்லக்கா?"

"வராது. என்னைய நம்பு" என்றேன். யாரிடமும் அப்படிச் சொல்லிப் பழக்கம் இல்லாதவள் நான். அன்றைக்கு அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

எழுந்திருக்கும்போது பாட்டிலை என் பக்கம் நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. "இங்கிட்டு பக்கத்து ஊருதான்க்கா எங்களுக்கு. காலனில இருக்கோம்" என்றாள். நான் கேட்காமலே சொன்னாள். "குடிப்பீகளா?"

வாங்கி, தூக்கிக் குடித்தேன். பாதிக்கு மேல் குடித்தேன். உண்மையிலேயே தாகம்தான். ஆனால் அவள் பார்க்கிறாள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. என் அம்மா குடித்திருக்க மாட்டாள், என் மாமியார் குடித்திருக்க மாட்டார், நான் குடித்தேன் என்று தொண்டையில் தண்ணீர் இறங்கும்போதே ஒரு நினைப்பும் இறங்கியது. அவளும் மகிழ்ந்தாள் என்றுதான் நினைக்கிறேன். பாட்டிலை வாங்கிக்கொண்டு, "நல்ல தண்ணிக்கா, கொதிக்க வச்சது" என்று சொல்லிப் போனாள்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தனியாகப் போய் லயனைச் சுற்றி வந்தார். சாயந்திரம் மேனேஜர் அறையில் பேசும்போது, எந்தப் பெண் பேச்சையும் எடுக்கவில்லை.

"எல்லா லயன்லயும் சூப்பர்வைசர் மேஜைக்கு மேல ரெண்டு ஆணி இருக்கு சார். ஆணிக்குக் கீழ சுவர் வெளுத்துக் கிடக்கு. ஏதோ ரொம்ப நாளா தொங்கியிருக்கு. என்னது அது?"

மேனேஜர் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தார். பிறகு மேனேஜரே கட்டையைப் பற்றிச் சொன்னார். கூட்டமாகப் போய் நின்றுவிடுகிறார்கள், அதற்காக வைத்தது என்றார். மேடம் கோபப்படவில்லை. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் பெண்களுக்கு என்னென்ன நோய் வரும், அதனால் எத்தனை பேர் லீவு போடுவார்கள், கட்டை இல்லாமல் எப்படி ஆள் மாற்றி ஆள் அனுப்பலாம் என்று பொறுமையாகச் சொன்னார். மேனேஜர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "எடுத்துருவோம் மேடம். நீங்க சொன்ன மாதிரியே பண்ணிருவோம்" என்றார். பொய்யாகச் சொன்னது மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

ஒருத்தியையும் காட்டிக்கொடுக்காமல், ஆணித் தடத்தை வைத்தே மேடம் முடித்துவிட்டார். நான் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

வெளியே போகும் வழி தையல் கூடத்துக்குள்தான். மேடம் போனில் பேசிக்கொண்டு முன்னால் போய்விட்டார். நான் பின்னால் போனேன். லயன் லயனாகத் தலைகள் குனிந்திருந்தன. யாரையும் பார்க்காமல்தான் நடந்தேன். மூன்றாவது லயன் ஓரத்தில் அவள் இருந்தாள். காலடியில் அந்த பாட்டில்.

எங்கள் பக்கம் ஒருவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொல்லாமல் கிளம்புகிற வழக்கம் இல்லை. எந்த வீட்டில் குடித்தோமோ அந்த வீட்டு ஆளைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவோம். அவள் அடுப்படியில் இருந்தால் அடுப்படி வரைக்கும் போவோம். சொல்லாமல் போனால், தண்ணீர் குடித்ததையே இல்லை என்று சொல்வது மாதிரி.

நின்றேன். கொஞ்சம் குனிந்து, "போயிட்டு வாரேன்த்தா" என்றேன்.

அவள் மெஷின் நின்றது. நிமிரவில்லை. துணியைப் பார்த்தபடியே, "சரிங்க மேடம்" என்றாள்.

உள்ளே பேசும்போது அக்கா அக்கா என்றவள்.

அப்போதுதான் பின்னால் அதே சூப்பர்வைசர் வந்துகொண்டிருந்தது தெரிந்தது. எங்களை வாசல் வரைக்கும் விட வந்தவர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "என்ன மதினி, நம்ம பிள்ளைய முன்னமே பழக்கமோ?"

"இல்லண்ணே. சும்மாதான்."

"இம்புட்டு ஆளு இருக்கையில இந்தப் பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போறீகளே, அதான் கேட்டேன்." அவளைப் பார்த்தார். காலடியில் இருந்த பாட்டிலையும் பார்த்தார். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. "கொடுத்து வச்ச பிள்ளைதான்" என்றார்.

அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

காரில் ஏறி உட்கார்ந்தேன். மேடம் அன்றைக்கு நடந்ததில் சந்தோஷமாக இருந்தார். "இன்னைக்கு நல்லா பண்ணீங்க" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மேலூர் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் டிரைவர் கண்ணாடியில் இரண்டு தடவை என்னைப் பார்த்தார்.

"என்னக்கா, முகம் செத்துக் கெடக்கு?"

சொன்னேன். முழுசாகச் சொல்லவும் இல்லை. மூன்றாவது லயனில் அந்தப் பிள்ளையிடம் போயிட்டு வாரேன் என்று சொன்னேன், சூப்பர்வைசர் பார்த்துவிட்டார், அவ்வளவுதான் சொன்னேன்.

மேடத்துக்குப் புரியவில்லை. "வரேன்னுதானே சொன்னீங்க? அதுல என்ன?"

டிரைவர்தான் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சொன்னார். "இல்ல மேடம். எங்க பக்கம் தண்ணி வெந்நி குடிச்ச எடத்துலதான் தேடிப் போயிச் சொல்லிட்டுக் கெளம்புவோம். சும்மா பார்த்த ஆளுகிட்ட நின்னு குனிஞ்சு சொல்ல மாட்டோம். அத்தன பேத்துல ஒருத்திகிட்ட மட்டும் அக்கா சொல்லிருக்குன்னா, பேசுனவ அவதான்னு கைய வச்சுக் காட்டுன மாதிரி."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். வைதிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "ஏன்க்கா அப்பவே சொல்லல?" என்று மட்டும் கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது.

"வண்டியைத் திருப்புங்க" என்றார். "நான் கண்ணாடிக் கூட்டை மேனேஜர் ரூம்ல விட்டுட்டு வந்ததா சொல்லிக்கிறேன். அக்கா, நீங்க உள்ள போய் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வாங்க. எல்லா லயனும். ஒருத்தர் விடாம."

"இப்பப் போயிச் சொன்னா நம்புவாகளா மேடம்?" என்றார் டிரைவர்.

"நம்புறது நம்பாதது அவங்க விஷயம். ஒருத்தியாவே இருக்கக் கூடாது."

நாலு பேர் முன்னால் பேசாதவள் நான் என்று முதலிலேயே சொன்னேன். அந்தக் கூடத்தில் அன்றைக்கு முதல் லயனின் முதல் மெஷினில் ஆரம்பித்தேன். "வாரேன்த்தா." அந்தப் பெண் யார் என்றே தெரியாது. அவள் முழித்தாள். அடுத்தவள். "போயிட்டு வாரேன்." மெஷின் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. காதெல்லாம் சுட்டது. சிலர் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்ன மதினி, ஓட்டுக் கேட்டு வந்த மாதிரில்ல இருக்கு" என்றார் சூப்பர்வைசர். கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றார். "எந்தச் சின்னம்?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போது இரண்டாவது லயனில் இருந்து அந்தப் பருத்த அம்மாள் எழுந்து நின்றாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ.

"ஏக்கா, அந்த லயன்லயே நின்னுட்டீக? எங்ககிட்டச் சொல்லாமப் போவீகளோ? நாங்க என்ன பாவம் பண்ணோம்?" என்று சத்தம் போட்டாள்.

கூடம் சிரித்தது. அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி, "எங்களுக்கும்க்கா" என்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக, நான் பக்கத்தில் போவதற்கு முன்பே, "போயிட்டு வாங்கக்கா", "பையப் போங்க", "அடுத்த தடவ புள்ளைகள கூட்டிட்டு வாங்க, பொம்ம சும்மா கெடக்கு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது லயனுக்குப் போனேன்.

அவள் இடம் காலியாக இருந்தது.

மெஷின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊசிக்குக் கீழே ஒரு ஏப்ரன் பாதித் தையலில் நின்றது. பாட்டில் அங்கேயே இருந்தது. பக்கத்து மெஷின்காரி துணியில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டாக."

என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன். மற்ற லயன்காரிகள் இன்னும் "போயிட்டு வாங்கக்கா" சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். அழவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க இன்னும் போகலியா மேடம்?" என்றாள்.

மற்றவர்களிடம் சொன்ன மாதிரியே அவளிடமும் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் திரும்பி வந்தது. வாயைத் திறந்தேன். வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்தேன். பின்னால் அவள் மெஷின் ஓடத் தொடங்கியது கேட்டது.

காரில் மேடம் சொன்னார். அவர் ஆபீஸ் அறைக்குள் போனபோது அந்தப் பெண் மேனேஜர் மேஜைக்கு முன்னால் நின்றிருக்கிறாள். மேடத்தைப் பார்த்ததும், "ஒண்ணும் இல்ல மேடம், பிள்ளைக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேன்" என்று மேனேஜர் சொன்னாராம். அவளை எந்த இடத்துக்கும் மாற்றக் கூடாது, யாரும் பேசியதற்காக யாரையும் எதுவும் செய்யக் கூடாது என்று எழுத்திலேயே வாங்கிக்கொண்டு வந்ததாக மேடம் சொன்னார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அதிலேயே, அந்த எழுத்து எம்புட்டுத் தூரம் போகும் என்று அவர் நினைக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு வீட்டில் வீட்டுக்காரர் வழக்கம்போல், "இன்னைக்கு யாரு உரிமையை மீட்டு வந்த?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவரே போய்த் தட்டைக் கழுவினார்.

பழக்க தோஷம், வாய் தவறி வந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். மேடமும் அப்படித்தான் நினைக்கிறார். பாதி அப்படித்தான். ஆனால் மூன்றாவது லயன் ஓரத்தில் நின்றபோது, அவளுக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது மட்டும் என் மனதில் இல்லை. நான் தண்ணீர் குடித்தவள், மறந்துவிட்டுப் போகிறவள் இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்றும் இருந்தது. அவள் கையில் குடித்ததை ஒரு பெரிய காரியமாக நினைத்துக்கொண்டேன். அதை அவளுக்கு ஞாபகப்படுத்தத்தான் குனிந்தேன். அவளுக்குத் தண்ணீர் வெறும் தண்ணீர். தாகமாக இருந்தவளுக்குக் கொடுத்தாள். அவளுக்கு என்னிடம் இருந்து வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தெரியாதவள் மாதிரி நடந்து போவது. கூச்சப்படுகிறவள் என்று என்னை வேலைக்கு எடுத்தார்கள். வாழ்நாளெல்லாம் இருந்த கூச்சம் அந்த ஒரு நிமிடம் மட்டும் எங்கே போனது என்று தெரியவில்லை.

மறுநாள் மதியம் அந்தப் பருத்த அம்மாள் போன் செய்தாள். பேசிய எல்லாருக்கும் மேடம் கொடுத்திருந்த அட்டையில் என் நம்பரும் இருந்தது. எல்லா லயனிலும் ஆணியைப் பிடுங்கிவிட்டார்களாம், கட்டை இனி இல்லை என்று காலையில் மைக்கில் சொன்னார்களாம். எனக்குத் தண்ணீர் கொடுத்த அந்த மூன்றாவது லயன் பிள்ளையை, பேக்கிங்கில் ஆள் குறைவு என்று அங்கே மாற்றியிருக்கிறார்கள். சாப்பாட்டு மணி வரைக்கும் நின்றிருக்கிறாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, வேனுக்குக் காத்திருக்காமல், ரோட்டோடு நடந்து போய்விட்டாளாம்.